எக்ஸாஸ்ட்டை எவ்வளவு உயர்த்துவது? அதற்கு முன் நீர்மட்டம் எங்கே என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய 30 அடி பாய்மரப் படகு, கைமாறி வந்தது. உள்ளே யான்மார் 2ஜிஎம்20எஃப் டீசல் எஞ்சின். மலேசியாவின் பங்கோர் தீவிலிருந்து பினாங்குக்குப் பாய் விரித்து வந்திருக்கிறீர்கள். ஆறு மணி நேரம் எஞ்சின் ஓடவில்லை, அலை பின்பக்கம் சாய்வாக அடித்துக்கொண்டே வந்தது. துறைமுகம் தெரிந்ததும் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு பேட்டரியைக் கோத்து மறுபடி திருப்பியிருக்கிறீர்கள். மறுபடியும் 'டொக்'. மெக்கானிக் வந்து இன்ஜெக்டரைக் கழற்றினால் சிலிண்டருக்குள் உப்புத் தண்ணீர். எக்ஸாஸ்ட் எல்போவை, அதாவது எஞ்சின் புகை வெளியேறும் வளைந்த குழாயை, வெட்டி ஆறு அங்குலம் குழாய் வைத்து வெல்டிங் செய்து உயர்த்திவிடலாம் என்கிறார் அவர். செய்யலாமா, ஆறு அங்குலம் போதுமா, பவர் குறையுமா என்று கேட்கிறீர்கள்.

உயர்த்தலாம். உங்கள் படகில் உயர்த்தியே ஆக வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த ஆறு அங்குலம் எந்த இடத்திலிருந்து? இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஆறு அங்குலம் என்று சொன்னால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. இந்த வேலையில் எல்லா அளவும் வெளியே நிற்கும் கடல் மட்டத்திலிருந்துதான் தொடங்கும். அதிலும் பார்க்க வேண்டியது ஒரு உயரம் இல்லை, மூன்று: எல்போவில் கடல் தண்ணீர் புகையோடு கலக்கும் இடம், அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் ஹோஸின் உச்சி, பின்பக்கம் வெளியே போகும் எக்ஸாஸ்ட் ஹோஸின் உச்சி. உங்கள் மெக்கானிக் முதலாவதை மட்டும் பார்க்கிறார். மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் செலவு செய்த பிறகும் அதே 'டொக்' கேட்கலாம்.

தண்ணீர் உள்ளே எப்படி வருகிறது என்பது பிடிபட்டுவிட்டால் மீதி தானாகப் புரியும். படகின் அடியில் உள்ள சீகாக் என்ற வால்வு வழியாகக் கடல் தண்ணீர் வருகிறது, வடிகட்டி தாண்டி, ரப்பர் இறக்கைச் சக்கரம் (இம்பெல்லர்) சுழலும் பம்ப் தாண்டி, எஞ்சினின் சூட்டை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் குளிர்வித்துவிட்டு, கடைசியில் எல்போவில் போய் சூடான புகைக்குள் பாய்கிறது. புகை அங்கேயே ஆறிவிடுவதால்தான் அதற்குப் பின்னால் ரப்பர் ஹோஸ் போட முடிகிறது. ஹோஸ் கீழே இறங்கி வாட்டர்லாக் என்ற பிளாஸ்டிக் குடத்துக்குள் போகிறது. குடத்தில் தண்ணீர் சேர, புகையின் அழுத்தம் அதை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. கரையில் நின்று பார்த்தால் பின்பக்க ஓட்டையிலிருந்து 'புளுக், புளுக்' என்று துப்புவது இதுதான்.

எஞ்சின் ஓடும்வரை எல்லாம் ஒழுங்கு. நின்றதும்தான் கதை. தள்ளுவதற்குப் புகை இல்லை. சீகாக் திறந்திருக்கிறது. இம்பெல்லர் புதிதாக இருந்தால் வழியை ஓரளவு அடைத்துக்கொண்டு நிற்கும். இறக்கை தேய்ந்திருந்தால் கசியும். எல்போவில் தண்ணீர் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கடல் தன் மட்டத்தைத் தேடி மெதுவாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் மேலே இருந்தால்கூட, படகு சாய்ந்தோ அலையில் ஆடியோ அந்த இடம் கடல் மட்டத்துக்குக் கீழே போகும்போது, ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருந்தால் சைஃபன் இழுக்கும். ட்யூபை வாயில் வைத்து ஒரு தடவை உறிஞ்சிவிட்டால் டீசல் கேன் தானாக வடிகிறதே, அதே விஷயம். மணிக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஆறு மணி நேரத்தில் ஆறு லிட்டர். இந்த அளவு எஞ்சினுக்குப் போடும் சின்ன வாட்டர்லாக் பெரும்பாலும் நான்கைந்து லிட்டர்தான் கொள்ளும். அதற்கு மேல் வரும் தண்ணீர் எல்போவைத் தாண்டி, சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மானிஃபோல்டுக்குப் போகும், அங்கிருந்து எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குள் இறங்கும்.

எவ்வளவு தண்ணீர் போதும் தெரியுமா? உங்கள் எஞ்சினில் பிஸ்டன் விட்டம் 75 மி.மீ., ஓட்டம் 72 மி.மீ. ஒரு சிலிண்டருக்குச் சுமார் 318 சி.சி. வருகிறது. சுருக்க விகிதம் 20-க்கு மேல். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 15 மில்லி. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் பிடிக்கும் அளவு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த ஒரு மூடித் தண்ணீர்தான் உங்கள் 'டொக்'.

இனி உங்கள் படகில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். சைஃபன் ஒன்று. இரண்டாவது, பின்னாலிருந்து வந்த அலை எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக ஏறியிருக்கலாம். நீங்கள் வந்த திசையையும் அலை அடித்த பக்கத்தையும் பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது. மூன்றாவது, ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப சாவியைத் திருப்புவது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் பம்பும் சுற்றித் தண்ணீரை அனுப்பும், அதை வெளியே தள்ளப் புகை இருக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் திருப்பிலேயே 'டொக்' என்று நின்றிருக்கிறது, ஆகவே இது இல்லை. நான்காவது, எல்போவின் உள்சுவர் துருவேறி ஊசி ஓட்டை விழுந்திருப்பது. எல்போ இரட்டைச் சுவர் கொண்டது, நடுவில் தண்ணீர். உள்சுவர் போனால் தண்ணீர் நேராக மானிஃபோல்டுப் பக்கம் சொட்டும். வெளியே பார்க்க வண்ணம் பூசி அழகாக இருக்கும். கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்தால்தான் தெரியும். படகோடு வந்த பழைய எல்போ என்றால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஓட்டை விழுந்த எல்போவை ஆறு அங்குலம் உயர்த்தினால் ஓட்டையும் ஆறு அங்குலம் உயரும், வேறொன்றும் நடக்காது.

மூன்றாவதாகச் சொன்ன தப்பை நானே செய்திருக்கிறேன். டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டுக் காற்றைச் சரியாக எடுக்காமல், பத்து விநாடி, பத்து விநாடியாக ஏழெட்டுத் தடவை திருப்பினேன். சீகாக்கை மூட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? அவசரம். ஒன்பதாவது தடவை ஸ்டார்ட்டர் அப்படியே முட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து மூன்றாவது முயற்சிக்கு மேல் போனால் சீகாக்கை மூடிவிடுவேன், எஞ்சின் பிடித்த அதே நொடியில் திறப்பேன். திறக்க மறந்தால் இம்பெல்லர் கருகிவிடும், அதனால் சீகாக் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன்.

சரி, நீர்மட்டம். படகுக்குள் உட்கார்ந்துகொண்டு கடல் மட்டம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட முடியாது, முயற்சி செய்தவர்கள் எல்லோரும் ஒரு சாண் தவறியிருக்கிறார்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சீகாக்கை மூடுங்கள். வடிகட்டிக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ட்யூபை மாட்டி கிளிப் போடுங்கள். ட்யூபின் மறுமுனையை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீகாக்கை மெதுவாகத் திறங்கள். தண்ணீர் ஏறி ஓரிடத்தில் நிற்கும். வெளியே கடல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டம். ட்யூபை எஞ்சின் பக்கம் கொண்டுபோய், எல்போவுக்கு நேர் பின்னால் உள்ள தடுப்புப் பலகையில் மார்க்கரால் கோடு போடுங்கள். இந்தக் கோடு இனி படகு இருக்கும்வரை உதவும், அழித்துவிடாதீர்கள்.

அளக்கும்போது படகைப் பயணத்துக்குப் போவது போல நிரப்பிவையுங்கள். தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி முழுசாக இருக்கட்டும், ஸ்டியரிங் பக்கம் இரண்டு பேர் உட்காரட்டும். பழைய படகுகள் எல்லாமே வடிவமைத்தவர் நினைத்ததைவிடத் தாழ்ந்துதான் மிதக்கும். முந்தைய உரிமையாளர் கூடுதல் பேட்டரி வைத்திருப்பார், பின்பக்கம் சோலார் வளைவு கட்டி அதிலே டிங்கி என்ற சின்னப் படகையும் தொங்கவிட்டிருப்பார். இந்த எஞ்சின் வகை 1980-களில் வந்தது. அப்போது யாரோ சரியாக அளந்து பொருத்தியதுதான், இன்று அது ஐந்தாறு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். பாதிப் படகுகளில் கோளாறு இதுதான், எஞ்சின் மேல் குற்றமில்லை.

படகு சாய்வதையும் கணக்கில் சேருங்கள். நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் ஒரு பொருள், படகு 20 பாகை சாய்ந்தால் சுமார் 10 செ.மீ. கீழே போய்விடும். உங்கள் எல்போ நடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் பெரிய பாதிப்பு இல்லை. வாட்டர்லாக்கும் மேலே சொன்ன ஹோஸ் உச்சிகளும் ஓரத்தில் இருந்தால்தான் வில்லங்கம்.

இப்போது எண்கள். எல்போவில் தண்ணீர் கலக்கும் இடம் அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. இருந்தால் சைஃபன் பயம் இல்லை, தண்ணீர் ஹோஸை நேராக மாட்டலாம். டச்சு நிறுவனமான வேட்டஸ் தன் எக்ஸாஸ்ட் அமைப்புகளுக்குச் சொல்லும் அளவு இது, இந்தத் தொழிலில் எல்லோரும் ஏறக்குறைய இதையே பின்பற்றுகிறார்கள். 15 செ.மீ.க்குக் குறைவாகவோ கோட்டுக்குக் கீழேயோ இருந்தால், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் எல்போவுக்கும் நடுவிலுள்ள அந்தக் குட்டை ஹோஸைக் கழற்றிவிட்டு, நீளமான ஹோஸாகப் போட்டு மேலே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். வளைவின் உச்சி கோட்டுக்கு மேல் 40 செ.மீ. இருக்கட்டும். உச்சியில் காற்று நுழைய ஒரு சின்ன வால்வு. எஞ்சின் நின்றதும் காற்று உள்ளே புகுந்து சைஃபனை அறுத்துவிடும்.

உங்கள் படகுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இந்த வளைவைத்தான். செலவு குறைவு, அரை நாள் வேலை, வெல்டிங் கிடையாது, எஞ்சினின் எந்த பாகத்தையும் வெட்ட வேண்டாம். ஒரே தொல்லை அந்த வால்வு. உப்பு படிந்து மூடியபடி ஒட்டிக்கொண்டால் சைஃபன் திரும்ப வந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திறந்தபடி ஒட்டிக்கொண்டால் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மேல் உப்புத் தண்ணீர் பீய்ச்சும், இது உடனே தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். எனக்கு வால்வே பிடிக்காது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய ஹோஸ் ஒன்றை மாட்டி, நீர்மட்டத்துக்கு மேலே படகின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே விட்டுவிடுவேன். எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து பென்சில் தடிமனில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அது நின்றால் பம்ப் வேலை செய்யவில்லை என்று மீட்டரைப் பார்க்காமலே தெரியும்.

எல்போவை உயர்த்துவதற்கு வருவோம். உங்கள் மெக்கானிக் சொல்வது போல வெட்டி வெல்டிங் செய்ய வேண்டாம். எல்போ வார்ப்பிரும்பு. அதை வெல்டிங் செய்தால் ஆறும்போது பக்கத்திலேயே விரிசல் விடும், உப்பும் சூடும் சேர்ந்து மிச்சத்தை முடித்துவிடும். யான்மாரே ஜிஎம் வகை எஞ்சின்களுக்கு இரண்டு விதமான எல்போ கொடுத்தது. ஒன்று எல் வடிவம், தாழ்ந்தது. இன்னொன்று யு வடிவம், மேலே ஏறி வளைந்து இறங்குவது, எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே உட்காரும் படகுகளுக்கென்றே வந்தது. உங்களிடம் இருப்பது எல் வடிவம் என்றால், பழைய எல்போவை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையில், யு வடிவத்தை வாங்கிப் போடுங்கள். வாங்குவதற்கு முன் அட்டையில் அதன் உருவத்தை வெட்டி எஞ்சின் மேல் வைத்துப் படிக்கட்டு மூடியை மூடிப் பாருங்கள். 30 அடிப் படகில் எஞ்சின் படிக்கட்டுக்கு அடியில்தானே இருக்கும். மூடி இடித்தால் முழு யோசனையையும் மாற்ற வேண்டிவரும்.

யு வடிவமும் போதவில்லை, எஞ்சின் ரொம்பத் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது என்றால்தான் தனியாக ரைசர் என்ற உயர்த்தும் குழாய் செய்ய வேண்டும். மானிஃபோல்டிலிருந்து வெறும் குழாயாக மேலே ஏறி, உச்சியில் வளைந்து, இறங்கும் பக்கத்தில் மட்டும் தண்ணீர் கலக்க வேண்டும். உச்சியிலேயே கலந்தால் படகு ஆடும்போது பாதி தண்ணீர் எஞ்சின் பக்கம் வழியும். உச்சிக்குக் கீழே ஒரு பத்து சென்டிமீட்டராவது இறங்கிய பிறகு கலக்கட்டும், சரிவு செங்குத்தாக இருப்பது நல்லது.

ரைசரில் தண்ணீர் இல்லாத பகுதி எவ்வளவு சூடாகும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முழு லோடில் டீசல் புகை 400 பாகை செல்சியஸைத் தாண்டும். படிக்கட்டுப் பலகைக்கு ஒரு சாண் தள்ளி அப்படி ஒரு குழாய் நின்றால் என்ன ஆகும்? கண்ணாடியிழைப் பட்டையால் நன்றாகச் சுற்றி, மேலே உறை போட்டுக் கட்ட வேண்டும், பலகைக்கும் அதற்கும் இடைவெளி விட வேண்டும். கால்வனைஸ் குழாய் வேண்டாம், சூட்டில் துத்தநாகம் புகையும். செம்பும் பித்தளையும் டீசல் புகைக்குத் தாங்காது. தடித்த சாதாரண இரும்புக் குழாய் அழகாக இருக்காது, ஆனால் பல ஆண்டு உழைக்கும். 316எல் ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருக்கும். ஆனால் சூடான உப்புத் தண்ணீர் படும் இடத்தில், முக்கியமாக வெல்டிங் தையலில், ஒரு நாள் சத்தமில்லாமல் ஊசி ஓட்டை விழும். ஸ்டெயின்லெஸ் என்றால் கவலையே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது எடை. ஆறு அங்குலக் குழாய், அதன் தலையில் எல்போ, அதில் தண்ணீர், அதைப் பிடித்துத் தொங்கும் ஹோஸ். இரண்டு சிலிண்டர் எஞ்சின் மெதுவாக ஓடும்போது எப்படிக் குலுங்கும் என்று பார்த்திருப்பீர்கள். நீண்ட கை ஒன்றை அதில் நீட்டினால் அடியில் அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் விளிம்பும் (ஃபிளாஞ்ச்) திருகாணியும் (ஸ்டட்)தான் அடி வாங்கும். ரைசருக்குக் கண்டிப்பாக ஒரு முட்டு வேண்டும், அதை எஞ்சினிலேயே பொருத்த வேண்டும். படகின் உடம்பிலிருந்து கட்டினால் எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் ஆட, குழாய் ஆடாமல் நிற்க, நடுவில் ஏதாவது ஒன்று உடையும்.

மூன்றாவது உயரம், பின்பக்க ஹோஸ். அலை ஏறிய சந்தேகம் இருப்பதால் இதை விடக் கூடாது. வாட்டர்லாக்கிலிருந்து போகும் ஹோஸ் நேராக ஓட்டைக்குப் போகாமல், காக்பிட் (ஸ்டியரிங் பிடித்து உட்காரும் இடம்) தளத்துக்கு அடியில் எவ்வளவு உயரம் கிடைக்குமோ அவ்வளவு ஏறி, பின்பு இறங்கி வெளியே போக வேண்டும். இந்தக் கொக்குக் கழுத்தின் உச்சியும் கோட்டுக்கு மேல் 40 செ.மீ. இருந்தால் நிம்மதி. வெளி ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி போடுங்கள், நம் கடலில் அதற்குள் சிப்பி ஒட்டும், அவ்வப்போது சுரண்டிவிட வேண்டும். ஓட்டையில் சீகாக் போடுபவர்களும் உண்டு. போட்டால் எஞ்சின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டி வையுங்கள், திறக்காமல் ஸ்டார்ட் செய்யாமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கழுத்தை உயர்த்தும்போது இன்னொரு கணக்கு உண்டு. எஞ்சின் நின்றதும் ஏறும் ஹோஸில் உள்ள தண்ணீர் முழுவதும் வாட்டர்லாக்குக்குத் திரும்பி விழும். உள்விட்டம் 50 மி.மீ. ஹோஸ் என்றால் மீட்டருக்குச் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் ஹோஸில் பாதி தண்ணீர் என்று வைத்தாலும் மூன்று லிட்டர். நாலரை லிட்டர்க் குடத்தில் ஏற்கெனவே ஒன்றிரண்டு லிட்டர் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், விளிம்பில் நிற்கிறது. இடம் இருந்தால் குடத்தையும் ஒரு அளவு பெரிதாக்கிவிடுங்கள். எல்போவிலிருந்து குடம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, 30 செ.மீ. இறக்கமாவது வேண்டும், நடுவில் ஹோஸ் தொய்ந்து தண்ணீர் தேங்கக் கூடாது.

பவர் குறையுமா என்று கேட்டீர்கள். எல்போவை உயர்த்துவதால் குறையாது. புகை ஏறுவதற்குக் கனம் இல்லை. தண்ணீரைத் தூக்குவதுதான் வேலை, அது குடத்திலிருந்து கொக்குக் கழுத்து வரை. அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்குள் இருந்தால் இந்த எஞ்சின் அலட்டிக்கொள்ளாது. அதைத் தாண்டிப் போனால் எதிரழுத்தம் கூடி, முழு ஆர்.பி.எம். வராமல் கரும்புகை வரும். சந்தேகமாக இருந்தால் அளந்து பார்க்கலாம். எல்போவில் தண்ணீர் கலப்பதற்கு முந்தைய இடத்தில் ஒரு சின்ன மரை ஓட்டை போட்டு, கொஞ்ச தூரம் செம்புக் குழாய், அதன் பிறகு தெளிவான ட்யூபை யு போல வளைத்துப் பலகையில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். கியர் போட்டு முழு வேகத்தில் ஓடும்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம்தான் எதிரழுத்தம். 10 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல். அதை எஞ்சின் கையேட்டில் கொடுத்த எல்லையோடு ஒப்பிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை எஞ்சினில் 'பவர் இல்லை' என்று வரும் புகார்களில் நான் பார்த்த பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எல்போவுக்குள் கரியும் உப்பும் படிந்து வழி சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியதுதான். மெதுவாகவே எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும் பாய்மரப் படகுக்காரர்களுக்கு இது நிச்சயம் வரும்.

இதே கேள்வியைப் பெட்ரோல் வி8 எஞ்சின் வேகப்படகு வைத்திருப்பவர்களும் கேட்பார்கள். அங்கே கதை வேறு. மானிஃபோல்டுக்கும் மேல் எல்போவுக்கும் நடுவில் வைக்க 3 அங்குலம், 6 அங்குலம் என்று ரைசர் துண்டுகள் தயாராகவே கிடைக்கும். பழைய எஞ்சினை எடுத்துவிட்டுக் கனமானதை வைத்தவர்கள், பின்பக்கம் பாரம் ஏற்றியவர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும். எல்போவின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. அங்கே கார்பன் மோனாக்சைடு பயமும் அதிகம், ஒவ்வொரு கேஸ்கெட்டும் சரியாக உட்கார வேண்டும். மீன்பிடி விசைப்படகுகளில் பெரும்பாலும் உலர்ந்த குழாய், நேராக மேலே போய்விடும். அவர்களுக்கு இந்த வம்பே இல்லை, மழைக்குக் குழாய் வாயில் ஒரு டின்னைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் எஞ்சினின் நிலை எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டாவது பேட்டரி போட்டுத் திருப்பினீர்கள் அல்லவா? ஒரு சிலிண்டரில் தண்ணீர் நிற்க, இன்னொரு சிலிண்டர் வெடித்துத் தள்ளினால், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உங்களுக்கு எதுவும் வெடிக்கவில்லை என்பதால் தப்பித்திருக்கலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றிய நிலையிலேயே, முன் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். மிச்சத் தண்ணீர் ஓட்டை வழியாகத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி சுற்றுங்கள். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் எண்ணெயை மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள், நிறம் தெளியும்வரை. முதலில் குடத்தை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். ஸ்டார்ட் ஆன பிறகு கியர் போட்டு ஒரு மணி நேரமாவது நன்றாகச் சூடாகும்படி ஓடட்டும். உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது, சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கும். இத்தனை நாள் ஆகிவிட்டது என்றால் கம்ப்ரஷனை அளந்துவிடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தெளிவாகக் குறைவாகக் காட்டினால் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எல்போவில் காசு போடுவது.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. ஜெட்டியில் கட்டியபடியே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். சீகாக்கை மூடிவிட்டுக் குடத்தின் வடிகால் திருகைத் திறந்து, வரும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடித்து எழுதி வையுங்கள். திரும்பத் திருகை மூடி, சீகாக்கைத் திறந்து, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். இந்தத் தடவை சீகாக்கைத் திறந்தே விட்டுவிட்டு ஆறு மணி நேரம் கழித்து வடியுங்கள். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் சைஃபன் அறுந்துவிட்டது. இரண்டாவது தடவை கூடுதலாக வந்தால், வளைவின் உச்சியில் உள்ள வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்.